போன்லயே எல்லா கேமும் ஓடுது, அப்பறம் ஏன் இந்த பழைய கைல புடிக்கிற கேம் மெஷின் மேல இவ்ளோ ஆசை வருது?

மாயவரத்தான்_03

எல்லாருக்கும் வணக்கம். ரொம்ப நாளா படிச்சிக்கிட்டு மட்டும் இருந்தேன், இப்பதான் எழுதுறேன்.

எங்க பெரியப்பா பையன் சிங்கப்பூர்ல வேல பாக்குறாரு. கம்பெனி வேலையா ஜப்பான் போனவரு அங்க ஒரு பழைய சாமான் கடைல இருந்து ஒண்டர்ஸ்வான்னு ஒரு கேம் மெஷின் வாங்கிட்டு வந்து பொங்கல் லீவுக்கு வந்தப்ப எனக்கு குடுத்தாரு. கருப்பு வெள்ள ஸ்கிரீன், கடிகாரத்துல போடுற பென்சில் பேட்டரி ஒன்னே ஒன்னு, கூட கன்பேன்னு ஒரு கேம். உள்ள லைட்டு கெடையாது. ஹெட்போன் நேரா சொருவ ஓட்ட கூட கெடையாது, அதுக்கு தனியா ஒரு அடாப்டர் வேணுமாம்.

இப்ப என் ரூம்மேட்டு அவன்கிட்ட இருக்குற மியோ மினி பிளஸ்ஸ தரேன், இத எனக்கு குடுன்னு கேக்குறான். கணக்கு போட்டா அதுதான் லாபம். கலர் ஸ்கிரீன், சார்ஜ் போட்டுக்கலாம், ஒரே மெஷின்ல பத்து பதினஞ்சு பழைய கன்சோலோட கேம் ஓடும். அட அது கூட வேண்டாம், என் போன்லயே எமுலேட்டர், அதான் பழைய மெஷின் மாதிரியே நடிக்கிற சாப்ட்வேர், போட்டா ஒண்டர்ஸ்வான் கேமே ஓடுது, போட்டும் பாத்துட்டேன்.

ஆனா குடுக்க மனசு வரல. காலேஜ் விட்டு வந்து மாடில உக்காந்து வெயில் சாயிற வரைக்கும் அதேதான் ஆடிக்கிட்டு இருக்கேன். நான் 2003ல பொறந்தவன், இந்த மெஷின சின்ன வயசுல பாத்ததே கெடையாது, அதனால பழைய ஞாபகம்னு சொல்லிட்டு போவ முடியாது. அப்பறம் எதுதான் இழுக்குது? உங்கள்ல யாருக்காச்சும் இப்படி இருந்துருக்கா? மாத்திக்கலாமா வேண்டாமா? வச்சிக்கிட்டா எப்படி பாத்துக்கணும்னும் சொல்லுங்க.

---

குடந்தை_சர்வீஸ்

தம்பி, மாத்தாத. காரணம் சொல்றேன், கொஞ்சம் நீளமா போவும்.

உன் கைல இருக்குறத யோசிச்சவரு பேரு குன்பே யோகோய். அவரு 1965ல நின்டெண்டோல வேலைக்கு சேந்தப்ப அது சீட்டுக்கட்டு போடுற கம்பெனி, இவரு அங்க மிஷின் பழுது பாக்குற ஆளு. ரயில்ல போறப்ப பக்கத்துல ஒருத்தர் பொழுது போவாம கால்குலேட்டர் பட்டன தட்டிக்கிட்டு இருந்தத பாத்துட்டுதான் அவருக்கு கேம் அண்ட் வாட்ச்ங்குற குட்டி கேம் மெஷினோட யோசன வந்துச்சும்பாங்க. 1980ல அது வந்துச்சு, கால்குலேட்டர்ல இருக்குற அதே எல்சிடி ஸ்கிரீன், அதே பொத்தான் பேட்டரி. 1982ல அந்த வரிசைல வந்த டாங்கி காங்ல ஒரு கூட்டல் குறி பட்டன் வச்சாரு. இன்னைக்கு எந்த கன்ட்ரோலர எடுத்தாலும் இடது கட்டவிரலுக்கு கீழ இருக்குதே, அது அங்கேருந்து வந்தது.

அந்த மனுசன் புடிச்சிக்கிட்டு இருந்த கொள்க என்னன்னா, புதுசா வந்த டெக்னாலஜி பின்னாடி ஓடாத, எல்லாருக்கும் அத்துப்படியாகி விலையும் கொறஞ்சி போன பழைய பொருள எடு, அத யாரும் நெனைக்காத விதத்துல போடு. நின்டெண்டோவோட கேம்பாய் மெஷின் அப்படித்தான் வந்துச்சு. 1989ல அதே வருஷம் அட்டாரிகாரன் லின்க்ஸ்னு ஒன்னு விட்டான், கலர் ஸ்கிரீன், உள்ள லைட்டு, பாக்கவே கண்ண பறிக்கும், ஆனா 6 பேட்டரி போட்டு 4, 5 மணி நேரத்துல காலி. கேம்பாய் பச்ச கலந்த நாலு ஷேடு, லைட்டு கெடையாது, 4 பேட்டரிக்கு 15 மணி நேரத்துக்கு கொறையாம ஓடும். எது ஜெயிச்சுதுன்னு உலகத்துக்கே தெரியும், பின்னாடி வந்த கேம்பாய் கலரையும் சேத்தா 11 கோடியே 86 லட்சத்துக்கு மேல வித்துருக்கு.

அப்பறம் 1996ல நின்டெண்டோவ விட்டு வெளிய வந்து கோட்டோன்னு சொந்தமா கம்பெனி வச்சி, பேண்டாய்ங்குற பொம்ம கம்பெனிக்காக செய்ய ஆரம்பிச்சதுதான் ஒண்டர்ஸ்வான். கேம்பாய்க்கு நாலு பேட்டரி வச்சவரு இதுக்கு ஒன்னு போதும்னு முடிவு பண்ணாரு. ஒரே பேட்டரில 30 மணி நேரத்துக்கு மேல ஓடும் தம்பி, 1999ல கடைக்கு வர்றப்ப வெல 4800 யென்னு. ஆனா அவரு அத பாக்கல. 1997 அக்டோபர்ல ரோட்டுல நடந்த விபத்துல போயிட்டாரு. உன்கிட்ட இருக்குற கன்பேங்குற கேமுக்கு அவரு பேரத்தான் வச்சிருக்காங்க. அந்த மெஷினும் அந்த கேமும் ஒன்னா உன் கைக்கு வந்துருக்கு, அத போயி மாத்துறேங்குற.

நம்ம ஊரு ஆளுங்களுக்கு இந்த விஷயம் புதுசே இல்ல. 2004 மகாமகத்தப்ப குளத்த சுத்தி போட்டுருந்த கடைங்கள்ல பிரிக் கேம் தொங்கும், 9999 கேம் இருக்குன்னு மேல போட்டுருப்பான். உள்ள உண்மையா இருக்குறது கொஞ்சம் கேம்தான், ஸ்பீடும் லெவலும் மாத்தி மாத்தி எண்ணுனாதான் அந்த கணக்கு வரும். பத்து கட்டம் அகலம் இருவது கட்டம் உயரம், அதுக்குள்ள கார் ரேசு, தவள ரோட்ட தாண்டுறது, டாங்கி சண்ட எல்லாத்தையும் வெறும் சதுரத்த வச்சே காட்டிருப்பான். கார்னா ஏழெட்டு சதுரம், ஆனா எதுக்க வண்டி வந்தா நாம ஒடம்ப சாய்ப்போம். எங்க தெருவுல அத ஆடாத வீடே கெடையாது.

என் கடைக்கு வர்றதுல 99 சதவீதம் போன்தான், எப்பவாச்சும் ஒரு கேம்பாய் வந்தா அன்னைக்கு எனக்கு திருநாள். ஸ்கிரீன்ல நெட்டுக்குத்தா கோடு கோடா காணாம போயிருக்கும், கொண்டாறவங்க ஸ்கிரீனே போச்சுன்னு நெனச்சிட்டு வருவாங்க. பின்னாடி தலைல மூணு வெட்டு இருக்குற ஸ்குரூவ கழட்டி தெறந்து, எல்சிடிக்கு கீழ ஒரு பழுப்பு ரிப்பன் ஒட்டிருக்கும், அதுமேல சூட்ட கொறச்சி சோல்டரிங் அயன வச்சி இடமிருந்து வலமா மெதுவா இழுத்தா ஒவ்வொரு கோடா திரும்பி வரும். கண்ணு முன்னாடி வரும். முப்பது வருஷத்துக்கு முந்துன மெஷின ஒரு அயன வச்சே சரி பண்ண முடியுதுன்னா அத செஞ்சவன் எவ்ளோ நேர்மையா செஞ்சிருக்கணும்னு பாத்துக்க. இப்ப வர்ற போன்ல பேட்டரிய மாத்தவே பசைய சூடு பண்ணி கண்ணாடிய பேக்கணும்.

---

பெரியகோயில்_வாசி

குடந்தை அண்ணன் சொல்றது எல்லாம் சரி, ஆனா மியோ மாதிரி மெஷின யாரும் கொறச்சி பேசிடாதீங்க. நான் உழவன் எக்ஸ்பிரஸ்ல மாசத்துக்கு ரெண்டு மூணு தடவ தஞ்சாவூர் சென்ன போயிட்டு வர்ற ஆளு. ராத்திரி வண்டி, லைட்ட அணைச்சிடுவாங்க, ஒண்டர்ஸ்வான எடுத்தா ஒன்னும் தெரியாது. மியோல பாதில வண்டி நின்னா பவர் பட்டன அமுக்கிட்டு எறங்கிடலாம், ஆனியன்னு ஒரு ஓஎஸ் இருக்கு, அத போட்டு வச்சா அணைக்கும்போதே ஆட்டத்த சேவ் பண்ணிக்கிட்டு அடுத்த தடவ ஆன் பண்ணா விட்ட எடத்துலயே வந்து நிக்கும். ஒரிஜினல் மெஷின்ல இந்த வசதி கெடையாது.

ஸ்கிரீனும் கணக்கு பண்ணிதான் வச்சிருக்கான். 640க்கு 480 புள்ளி. கேம்பாய் ஸ்கிரீன் 160க்கு 144, அத சரியா மூணு மடங்கு பெருக்கினா 480க்கு 432, கச்சிதமா உள்ள உக்காருது, ஒரு புள்ளி கூட மங்காது. கேம்பாய் அட்வான்ஸு 240க்கு 160, ரெண்டு மடங்கு போட்டா சுத்தி கருப்பு பட்ட விழும், முழு அகலத்துக்கு இழுத்தா லேசா மசமசன்னு தெரியும். இதெல்லாம் செட்டிங்ல போயி பாத்து வச்சா பழைய கேம் அழகா தெரியும், பாக்காம விட்டா என்னடா இதுன்னு தோணும்.

வாங்குற யாரா இருந்தாலும் மொத வேலையா கூட வர்ற மெமரி கார்ட தூக்கி போட்டுட்டு நல்ல கம்பெனி கார்டா வாங்கி மாத்துங்க. பேரே இல்லாத கார்டு, எப்ப சாவும்னு சொல்ல முடியாது. இன்னொன்னு, அதுல ஆயிரக்கணக்குல கேம் ஏத்தி விக்கிறானுங்களே அது எதுக்கும் உரிமம் கெடையாது, அது எனக்கு சுத்தமா புடிக்கல. இப்பவும் ஆளுங்க பழைய மெஷினுக்குன்னு புதுசா கேம் எழுதி அவங்களே இலவசமாவும் காசுக்கும் தர்றாங்க, அத எறக்கி ஆடலாம்.

ஆனா ஒன்னு ஒத்துக்குறேன் தம்பி. மியோல லிஸ்ட்ட உருட்டிக்கிட்டே இருப்போம், எத ஆடலாம் எத ஆடலாம்னு பாத்துட்டு பத்து நிமிஷத்துல அடுத்ததுக்கு தாவிடுவோம். ஒரு கேமதான் ஆடணும்னு ஆயி போச்சுன்னா நெலமையே வேற, அத ஒரு கை பாக்காம விட மாட்டோம். நான் இப்ப என் கார்டுல ஒரு நேரத்துக்கு அஞ்சாறு கேமுக்கு மேல வைக்கிறதில்ல.

---

மன்னை_லக்ஷ்மி

எனக்கு இந்த மெஷின் பேரெல்லாம் அவ்ளோவா தெரியாது, வீட்டுல ஒன்னு இருக்கு, அத பத்தி சொல்லணும்னு தோணுச்சு.

எங்க சித்தப்பா சிங்கப்பூர்லேருந்து வர்றப்ப தம்பிக்கு கேம்பாய் அட்வான்ஸு வாங்கிட்டு வந்தாரு, ஊதா கலரு. தம்பி வளந்து வேலைக்கு போனதும் அது பீரோ மேல போயிருச்சு. 2018 நவம்பர்ல கஜா அடிச்சுதே, எங்க பக்கம் ஒரு கம்பம் நிக்கல, தென்ன மரம் பூராவும் சாஞ்சி கெடந்துச்சு, கரண்ட்டு வர வாரக் கணக்கா ஆச்சு. டவரும் இல்ல, போன் எல்லாம் செத்த கட்ட. பெரியவங்களுக்கு தண்ணி புடிக்கிறது, ஓடு மாத்துறது, கணக்கெடுக்க வந்தவங்க பின்னாடி ஓடுறதுன்னு வேல சரியா இருந்துச்சு, புள்ளைங்க நெலமதான் மோசம், பள்ளிக்கூடமும் இல்ல, வெளிய ஒயரு அறுந்து கெடக்குதுன்னு விடவும் முடியல.

அப்பதான் இத தேடி எடுத்தேன். ரெண்டே ரெண்டு பென்சில் பேட்டரி. சுவத்து கடிகாரத்துல ஒன்னும் ரிமோட்டுல ஒன்னும் கழட்டி போட்டோம், ஓடுச்சு. அதுலயும் லைட்டு கெடையாது, விளக்கு வெளிச்சத்துல சரியா தெரியாது, அதனால பகல்ல திண்ணைல உக்காந்துதான் ஆட முடியும். அதுவே நல்லதா போச்சு, இருட்டுனா தானா எடுத்து வச்சிடுவாங்க. தெருவுல இருக்குற அத்தன புள்ளைங்களும் வந்துச்சுங்க, ஒரு உசுரு போனா அடுத்த ஆளுக்கு குடுக்கணும், அவங்களே சட்டம் போட்டுக்கிட்டாங்க. ஒருத்தர் ஆட ஏழு பேரு தோளுக்கு மேல எட்டி பாத்துக்கிட்டு இந்தப் பக்கம் குதி அந்தப் பக்கம் குதின்னு சத்தம். எதுத்த வீட்டு அப்பத்தா கூட எந்திரிச்சி வந்து பாத்துச்சு.

உள்ள லைட்டு இல்ல, வைபை இல்ல, சார்ஜ் இல்லன்னு நீங்க கொறயா சொல்றீங்களே, அந்த ஒவ்வொன்னும் இல்லாததாலதான் அன்னைக்கு அது ஓடுச்சு தம்பி. என் பொண்ணு இப்பவும் அத வச்சிருக்கா. ஊருல சொல்ற பேரு கரண்ட்டு போனா ஆடுற கேமு.

---

நாகை_கலெக்டர்

லக்ஷ்மி அக்கா எழுதுனத படிச்சிட்டு கொஞ்ச நேரம் ஒன்னும் டைப் பண்ண முடியல. நாங்களும் அதே காத்துலதான் இருந்தோம்.

நான் இந்த மெஷின் எல்லாம் சேக்குறவன். தோத்து போன மெஷின்தான் எனக்கு ரொம்ப புடிக்கும். ஏன்னா ஜெயிச்சவன் வழி எல்லாருக்கும் தெரியும், தோத்தவன் ஒவ்வொருத்தனும் வேற ஏதோ ஒன்ன நம்பி இறங்கிருப்பான், அத கைல புடிச்சாதான் தெரியும். மேல சொன்ன லின்க்ஸையே எடுத்துக்கங்க, அத போட்டவங்க அமிகா கம்ப்யூட்டர்ல வேல பாத்த ஆளுங்க. இடது கைக்காரங்களுக்காக மெஷினையே தலகீழா திருப்பிக்கலாம், ஸ்கிரீனும் கூடவே திரும்பிக்கும். 1989ல இத யோசிச்சிருக்காங்க. நான் இடது கைக்காரன், மொத தடவ அத திருப்பி புடிச்சப்ப எனக்குன்னே செஞ்ச மாதிரி இருந்துச்சு.

நியோ ஜியோ பாக்கெட் கலர்னு எஸ்என்கே கம்பெனி 1999ல விட்டது. அதுல இடது பக்கம் ஒரு குட்டி ஸ்டிக் இருக்கு, உள்ள மைக்ரோ சுவிட்ச் வச்சிருக்கான், ஒவ்வொரு பக்கம் தள்ளுறப்பவும் டிக் டிக்னு சத்தத்தோட விரலுக்கு தெரியும். சண்ட கேம் ஆடுறப்ப கால்வட்டம் சுத்தணும்ல, அதுல சுத்துற சொகம் இன்னைக்கு வர்ற எந்த மெஷின்லயும் எனக்கு கெடைக்கல. போன்ல கண்ணாடிய தடவிக்கிட்டு இருக்குறதுக்கும் இதுக்கும் இருக்குற வித்தியாசத்த எழுதி புரிய வைக்க முடியாது, ஒரு தடவ புடிச்சி பாத்துடணும். கம்பெனி சீக்கிரமே நொடிச்சி போச்சு, மெஷினும் அதோட நின்னு போச்சு. நோக்கியா 2003ல என்கேஜ்னு விட்டுச்சே, போனும் கேமும் ஒன்னு, ஆனா மொதல்ல வந்த மாடல்ல கேம் கார்ட மாத்தணும்னா பின்மூடிய தெறந்து பேட்டரிய கழட்டணும், காதுல வச்சி பேசணும்னா மெஷின பக்கவாட்டுல திருப்பி வைக்கணும். குத்தம் இருக்கட்டும், போன்லதான் இனி கேம் ஆடுவாங்கன்னு அவன் நெனச்சது நடந்துச்சா இல்லியா?

பாத்துக்குறத பத்தி கேட்டுருந்தீங்க. நம்ம பக்கம் ஈரக்காத்து, கடலோரம்னா உப்பும் சேந்துக்கும், மெஷினுக்கு அதுதான் எமன்.

ஆடாதப்ப பேட்டரிய உள்ள வைக்காதீங்க, இது ஒன்ன மட்டும் செஞ்சாலே பாதி ஆயுசு கூடும். பேட்டரி கக்கிடுச்சுன்னா வெள்ளையா பச்சையா பூத்து கெடக்கும், ஆல்கலைன் பேட்டரினா வினிகரோ எலுமிச்ச சாறோ பஞ்சுல தொட்டு தொடச்சிட்டு அப்பறம் ஐசோப்ரொபைல் ஆல்கஹால்ல சுத்தம் பண்ணி நல்லா காய விடணும். கேம் ஓடலன்னா கேட்ரிட்ஜ, அதான் கேம் இருக்குற டப்பிய, எடுத்து வாயால ஊதுற பழக்கம் நம்ம எல்லாருக்கும் உண்டு, அத விட்டுடுங்க, மூச்சுல இருக்குற ஈரம் அதுல மெஷினோட ஒட்டுற உலோக கால்களுக்கு ஆவாது, அதே ஆல்கஹால காது குடையிற பஞ்சுல தொட்டு அந்த கால்களை தொடைங்க. சிலிக்கா ஜெல் பாக்கெட்டோட காத்து போவாத டப்பால போட்டு வைங்க. வெயில்ல ஆடுங்க, ஆனா வெயில்லயே வச்சிட்டு போயிடாதீங்க, ஸ்கிரீன் மேல ஒட்டிருக்குற பொலரைசர் பிலிம் சூட்டுலயும் ஈரத்துலயும் கெட்டு கருப்பு திட்டு விழுந்துடும்.

முக்கியமா ஒன்னு. பென்சில் பேட்டரி சைசுலயே 14500னு லித்தியம் செல்லு விக்குது, 3.7 வோல்ட்டு. அத தெரியாம போட்டீங்கன்னா ஒண்டர்ஸ்வானுக்கு அன்னைக்கே கருமாதி. 1.5 வோல்ட்டு ஆல்கலைன் போடுங்க.

சேகா கேம் கியர யாராச்சும் சும்மா குடுத்தா வாங்குங்க, ஆனா அது 1990ல வந்தது, உள்ள இருக்குற கெப்பாசிட்டர் அத்தனையும் ஒழுகிருக்கும். சத்தம் வராது, ஸ்கிரீன் மங்கலா சாச்சி பாத்தாதான் தெரியும். மாத்துறதுக்கு அயன வச்சதும் அழுவுன மீன் வாட அடிச்சா ஒழுகிருச்சுன்னு அர்த்தம், எங்க ஊருல ஏலம் முடிஞ்ச துறைமுகம் மாதிரி அடிக்கும். எல்லாத்தையும் மாத்தி போர்ட கழுவி ஆன் பண்றப்ப கலர் நிறஞ்சி வந்து நிக்கும் பாருங்க.

வெளியூர்ல ஒரு விற்பனையாளர்கிட்ட போக்கிமான் எமரால்டு கேமுன்னு வாங்கி போலி வந்து சேந்துச்சு எனக்கு, அதனால இதையும் சொல்லிடுறேன். ஒரிஜினல் எமரால்டு கேட்ரிட்ஜ்ல நேரம் கணக்கு வைக்க உள்ள ஒரு பொத்தான் பேட்டரி இருக்கும். அது தீந்து போயிருந்தா ஆரம்பிக்கிறப்பவே உள் பேட்டரி தீந்துருச்சுன்னு காட்டும், ஆனா ஆட்டம் சேவ் ஆவும், அதுக்கு பயப்பட வேண்டாம். தெறந்து பாத்து பேட்டரியே இல்லன்னா அது போலி.

---

ஆரூர்_பிக்சல்

நான் வேற பக்கத்துலேருந்து வர்றேன். ஆடுறதுக்கு இல்ல, செய்யிறதுக்கு.

கேம்பாய்க்கு இன்னைக்கும் கேம் எழுதலாம். ஜிபி ஸ்டுடியோன்னு ஒரு இலவச சாப்ட்வேர் இருக்கு, கோடிங் தெரியாதவங்க கூட படத்த வச்சி, இங்க வந்தா இது நடக்கணும்னு சொல்லி செஞ்சிடலாம். செஞ்சத நெஜ மெஷின்லயே போட்டு ஓட்டலாம். நான் எங்க ஊரு கமலாலய குளத்த சுத்தி நடக்குற மாதிரி ஒரு சின்ன கேம் பண்ணிக்கிட்டு இருக்கேன், பேசுறது எல்லாம் தமிழ்ல வரணும்னு புடிவாதம்.

அங்கதான் கத ஆரம்பிக்குது. கேம்பாய் ஸ்கிரீன் முழுக்க 8க்கு 8 புள்ளி கட்டமா பிரிஞ்சிருக்கு, ஒரு வரிக்கு 20 கட்டம், 18 வரி. இங்கிலீஷ் எழுத்து ஒரு கட்டத்துக்குள்ள அடங்கிடும். நம்ம எழுத்துல ட, ப, ம அடங்கும். ண வராது, ஞ வராது, ணூன்னு ஒன்ன எட்டு புள்ளி ஒசரத்துல வரைஞ்சி பாருங்க, எறும்பு செத்து கெடக்குற கணக்கா இருக்கும். அதனால 16க்கு 16 எடுக்க வேண்டியதா போச்சு. அப்ப வரிக்கு 10 எழுத்து, 9 வரி, மொத்த ஸ்கிரீனுக்கும் 90 எழுத்துதான். பேசுற பொட்டிக்கு ரெண்டு வரி ஒதுக்குனா 20 எழுத்துல ஒரு மனுசன் சொல்ல வேண்டியத சொல்லி முடிச்சிடணும்.

அடுத்து மெமரி. ஸ்கிரீனுக்கு வர்ற கட்டங்கள வைக்க 8 கிலோபைட்டுதான், அதுல 384 கட்டம் வைக்கலாம், படமும் அதுக்குள்ள, எழுத்தும் அதுக்குள்ள. ஒரு தமிழெழுத்துக்கு நாலு கட்டம். 247 எழுத்தையும் ஏத்துறது நடக்காத காரியம். அதனால ஒடச்சேன். ஒத்தக் கொம்பு, ரெட்டக் கொம்பு, ஐகாரக் கொம்பு, துணக்கால் இதெல்லாம் தனித்தனி துண்டு, எந்த எழுத்தோடயும் சேத்துக்கலாம், கொ வேணும்னா மூணு துண்டு பக்கத்து பக்கத்துல. புள்ளியும் மேல் கட்டத்துல மட்டும் வர்ற துண்டு. கி, கீயோட சுழி பாதி ஒத்து வருது, டி, டீ ஒத்து வரல, அது தனி. உகரம் ஊகாரம்தான் உசுர வாங்குது, குவுக்கு ஒரு வளைவு, துவுக்கு ஒரு வளைவு, புவுக்கு ஒரு கோடு, ஒவ்வொன்னையும் தனியா வரஞ்சாகணும். பூராத்தையும் மெமரில வைக்காம, அந்த வசனத்துக்கு எந்த எழுத்து வேணுமோ அத மட்டும் அப்பப்ப ஏத்தி, வசனம் முடிஞ்சதும் எறக்குறேன்.

மாயவரத்தான் கேட்டதுக்கு என் பதில் இதுதான். இந்த மெஷின்ல உள்ள எல்லாத்தையும் ஒரு ஆளு முழுசா தெரிஞ்சிக்கலாம். ஒரு வரில 10 ஸ்பிரைட்டுக்கு, அதான் நகர்ற குட்டி படத்துக்கு, மேல வந்தா பதினொன்னாவது காணாம போவும், ஏன்னு எனக்கு தெரியும். எந்த புள்ளி எந்த பைட்டுலேருந்து வருதுன்னு விரல் வச்சி காட்ட முடியும். போன்ல என் கேம் ஏன் ஒரு நொடி திக்குதுன்னு கேட்டா அத செஞ்சவனுக்கே தெரியாது. ஆடுறப்பவும் இது கைக்கு தெரியுதுன்னு நான் நம்புறேன். பட்டன அமுக்கினதும் குதிக்கிற அந்த குதிப்புக்கு நடுவுல வேற யாரும் இல்ல, நோட்டிபிகேஷன் இல்ல, விளம்பரம் இல்ல, அப்டேட் இல்ல. நீயும் அத எழுதுனவனும் மட்டும்தான்.

---

மாயவரத்தான்_03

எல்லாருக்கும் நன்றி, இவ்ளோ எழுதுவீங்கன்னு நெனைக்கல. மாத்தல. ரூம்மேட்டுகிட்ட சொல்லிட்டேன், ரெண்டையும் வாரத்துக்கு ஒருக்கா மாத்தி மாத்தி வச்சிக்கலாம்னு பேசிருக்கோம். அவனுக்கு ராத்திரில ஆடணும், எனக்கு சாயங்காலம், சரியா போச்சு.

ஒரு விஷயம் கண்டுபுடிச்சேன். ஸ்டார்ட் பட்டன அமுக்கிக்கிட்டே ஆன் பண்ணா ஒரு செட்டிங் பக்கம் வருது, பேரு, பொறந்த நாள், ரத்த வகை எல்லாம் கேக்குது! அதுல ஏற்கனவே யாரோ ஒருத்தரோட பேரு இருக்கு. அத அழிச்சிட்டு என் பேரு போடலாமா, இல்ல அப்படியே விட்டுடவான்னு தெரியல. அண்ணனுங்க என்ன செய்வீங்க?

அப்பறம் கன்பே தவிர ஜப்பான் எழுத்து படிக்க தெரியாம ஆடக்கூடிய கேம் வேற என்ன தேடலாம்?

---

குடந்தை_சர்வீஸ்

விட்டுடு தம்பி, அந்த பேரு உன்ன ஒன்னும் பண்ணாது, அந்த மெஷின ஒழுங்கா வச்சிருந்து உன் கைக்கு வர வச்ச ஆளு அவரு.

கேமுக்கு பசில், ரேசு, சுட்டு ஆடுறது, இந்த மூணு வகையா பாத்து எடு. கத வர்ற கேம எடுத்தீன்னா மெனுலயே நின்னுடுவ. நெட்டுக்குத்தா புடிச்சி ஆடுற கேமா கெடச்சா விடாத, இடது பக்கம் நாலு நாலா ரெண்டு செட்டு பட்டன் வச்சிருக்கானே, அது எதுக்குன்னு மெஷின நிமித்தி புடிச்சாதான் வெளங்கும். வாங்குறப்ப கேட்ரிட்ஜோட கால் பக்கத்த போட்டோ எடுத்து அனுப்ப சொல்லு, கருத்து போயிருந்தா பரவால்ல தொடச்சிக்கலாம், பச்ச பூத்து அரிச்சிருந்தா வேண்டாம்னுடு.

ஆரூர் தம்பி, அந்த கமலாலயம் கேம் முடிஞ்சதும் இங்கயே போடுங்க. கடைல ஒரு கேம்பாய் சரி பண்ணி வச்சிருக்கேன், அதுலயே போட்டு பாத்துருவோம்.

---

ஆரூர்_பிக்சல்

கண்டிப்பா போடுறேன்ணே. இப்போதைக்கு நாலு கரையில மேக்கர மட்டும்தான் முடிஞ்சிருக்கு, நடுவுல இருக்குற கோயிலுக்கு கட்டம் பத்தல, கோபுரத்த ரெண்டு நெலையா கொறச்சி பாத்துக்கிட்டு இருக்கேன்.